அந்த ஒரு அங்குலம்

உங்கள் முழங்கையை ஒரு தடவை மடக்கிப் பாருங்கள். (பஸ்ஸில் படிப்பவர்கள் பக்கத்து சீட்டைக் கவனித்து மடக்கவும்.) உள்பக்கம் தோல் சுருங்கிக் கோடு விழுகிறது. வெளிப்பக்கம் எலும்பு புடைக்கிறது. மேல்கை எங்கே முடிகிறது, முன்கை எங்கே ஆரம்பிக்கிறது என்று பேனாவால் கோடு போட முடியாது. இப்போது எழுந்து போய்க் கதவைத் திறந்து மூடுங்கள். சுருக்கமும் இல்லை, புடைப்பும் இல்லை. கீல் இருக்கிறது, கதவு திரும்புகிறது, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் அனிமேஷனில் எது கஷ்டம் என்று கேட்டால் யாரும் கை என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அக்கா பையன் ஒரு ரயில் இன்ஜினோடு மூன்று வாரம் மல்லுக்கட்டியதைப் பார்க்கும்வரை.

சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. பையன் திருச்சியில் அனிமேஷன் படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தான். இந்தத் தொழிலில் பயோடேட்டாவை யாரும் படிப்பதில்லையாம். 'ஷோ ரீல்' என்று நாமே செய்த சாம்பிள் படத்தைத்தான் கேட்கிறார்கள். எல்லோர் ரீலிலும் ஒரு டைனோசர் இருக்கும், ஒரு பறக்கும் கார் இருக்கும். நம்மாள் கொஞ்சம் வித்தியாசமாக, நீராவி இன்ஜின் ஒன்று கேமராவைத் தாண்டிப் போகிற மாதிரி பதினைந்து விநாடி செய்யலாம் என்று உட்கார்ந்தான். வேலை கொடுக்கிறவர்களுக்குத் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேரவேண்டும்.

அவன் பயன்படுத்தியது போஸர் என்கிற சாஃப்ட்வேர். 1995-ல் அமெரிக்காவில் ஃப்ராக்டல் டிசைன் கம்பெனி வெளியிட்டது. உருவாக்கியவர் லாரி வைன்பெர்க். ஓவியர்கள் மேஜையில் மரப்பொம்மை ஒன்று வைத்திருப்பார்களே, கையைக் காலைத் திருப்பி நிறுத்தி அதைப் பார்த்து வரைய - அதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவதுதான் ஆதி நோக்கம். அதன்பின் பல கம்பெனிகள் கைமாறி 2019-ல் பாண்ட்வேருக்குப் போனது. சமாச்சாரம் எளிமை. தோளைத் திருப்பினால் முன்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் கூடவே போகும். பொம்மைக்குள் மூட்டுகள் வைத்து, எது எதோடு சேர்ந்து எவ்வளவு அசையலாம் என்று ஏற்பாடு செய்வதற்கு ரிக்கிங் என்று பெயர்.

ஏற்பாடு முழுக்க உடம்பை மனசில் வைத்துச் செய்தது. அதில் இரும்பைக் கொண்டுவந்து போட்டால் முதலில் என்ன ஆகிறது தெரியுமா? சாஃப்ட்வேர் அதையும் சதை என்றே நினைத்துக்கொள்கிறது. பையன் சக்கரத்தைச் சுற்றினான். பக்கத்துப் பாகத்தோடு ஒட்டுகிற இடத்தில் சக்கரம் ஊறிய அப்பளம் மாதிரி நெளிந்தது. 'வளையலாம்' என்று ஒவ்வொரு பாகத்துக்கும் பிறவியிலேயே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அந்த டிக் மார்க்கைத் தேடிப் பிடித்து எடுத்துவிட வேண்டும். சுழல்கிற மையத்தைச் சரியாக நட்டநடுவில் வைக்கவேண்டும். ஒரு நூல் விலகினாலும் சக்கரம் சனிக்கிழமை ராத்திரி ஆசாமி மாதிரி தள்ளாடும். எவ்வளவு தூரம் திரும்பலாம் என்று வரம்பு வைக்கலாம். ஆனால் அதைக் கடைப்பிடி என்று மெனுவில் தனியாகப் போய்ச் சொன்னால்தான் கடைப்பிடிக்கும். கவனியுங்கள், இது வரைக்கும் அவன் செய்ததெல்லாம் இருக்கிற சுதந்திரத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதுதான்.

இதெல்லாம் சில்லறை. நிஜமான தகராறு கனெக்டிங் ராடில் வந்தது.

போஸரின் உலகத்தில் எல்லாம் வம்ச விருட்சம். மார்பின் பிள்ளை தோள், தோளின் பிள்ளை முன்கை, முன்கையின் பிள்ளை உள்ளங்கை. அப்பா அசைந்தால் பிள்ளை கூடவே போகும். பிள்ளை அசைந்தால் அப்பா நகர வேண்டியதில்லை. (நம் வீடுகளில் நிலவரம் வேறு.) ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு அப்பாதான். விரல் நுனியோடு வம்சம் முடிந்துபோகிறது, அதற்கப்பால் காற்று.

நீராவி இன்ஜினில் பிஸ்டன் முன்னும் பின்னும் போகிறது. அதன் தண்டின் கோடியில் க்ராஸ்ஹெட் என்று ஒரு இரும்புக்கட்டை, சட்டத்தோடு பொருத்திய பட்டைகளில் வழுக்கிக்கொண்டே போய்வருகிறது. அதிலிருந்து கனெக்டிங் ராட் கிளம்பி, சக்கரத்தில் மையத்திலிருந்து தள்ளி இருக்கும் க்ராங்க் பின்னில் மாட்டிக்கொள்கிறது. இந்தக் கோடியில் நேர்கோடு, அந்தக் கோடியில் வட்டம். இரண்டையும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டிருக்கிற ராடுக்கு அப்பா யார்? க்ராஸ்ஹெட்டா, சக்கரமா? சாஃப்ட்வேர் ஒரு பெயர்தான் கேட்கிறது. மெஷின் வம்ச விருட்சம் அல்ல, வளையம். சக்கரம், ராட், க்ராஸ்ஹெட், சட்டம், மறுபடி சக்கரம் என்று தன் வாலைத் தானே பிடித்துக்கொள்கிற பாம்பு. (மாயா, ப்ளெண்டர் போன்றவற்றில் இந்த வளையத்தைக் கட்டத் தனி முடிச்சுகள் உண்டு. ஆனால் அங்கேயும் எலும்புக்கூடு விருட்சம்தான். முடிச்சைப் பிற்பாடு போட வேண்டும்.)

பையன் சமயோசிதமாக ஒன்று செய்தான். ராடை க்ராஸ்ஹெட்டின் பிள்ளை ஆக்கினான். போஸரில் 'பாயிண்ட் அட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு பொருளை இன்னொன்றைப் பார்த்தபடியே இருக்கச் சொல்லலாம். ராடை க்ராங்க் பின்னையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னான். சக்கரத்தைச் சுற்றவிட்டு க்ராஸ்ஹெட்டை நான்கு இடத்தில் மட்டும் கையால் நிறுத்தினான் - முன்கோடி, நடு, பின்கோடி, மறுபடி நடு. இடைப்பட்டதைக் கம்ப்யூட்டர் நிரப்பிக்கொண்டது. இன்ஜின் ஓடியது. நான் கைதட்டினேன்.

சித்தப்பா தட்டவில்லை. அவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பத்து விநாடி பார்த்தார்.

"நிறுத்துடா. சக்கரத்தைக் கால் சுத்து திருப்பு."

திருப்பினான்.

"பின் எங்க இருக்கு? ஓட்டை எங்க இருக்கு?"

பெரிதாக்கிப் பார்த்தோம். ராடின் கோடியில் இருக்கும் ஓட்டை ஒரு இடத்தில், அதற்குள் இருக்கவேண்டிய பின் சற்றுத் தள்ளி இன்னொரு இடத்தில். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். பையனின் இன்ஜினில் பின், சக்கர மையத்திலிருந்து 1 அடி. ராட் 6 அடி. பின் கால் சுற்று சுற்றி உச்சிக்கு வரும்போது க்ராஸ்ஹெட் தன் பாதையின் நட்டநடுவில் இருக்கும் என்றுதான் நீங்களும் நானும் நினைப்போம். இருக்காது. நடுவில் நிறுத்தினால் அங்கிருந்து பின் வரைக்கும் தூரம் 6 அடி 1 அங்குலம் ஆகிவிடும். பள்ளிக்கூட பிதாகரஸ்தான்: 36-ம் 1-ம் 37, அதன் வர்க்கமூலம் 6.08. ராட் இருப்பதோ 6 அடி. இரும்பு நீளாது. ஆகவே நிஜ இன்ஜினில் க்ராஸ்ஹெட் அந்தக் கணத்தில் நடுவைத் தாண்டி ஒரு அங்குலம் சக்கரத்தின் பக்கமாக வந்து நின்றாக வேண்டும். வேறு வழியே கிடையாது. கம்ப்யூட்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

"மாமா, அந்த இடத்துல கொஞ்சம் ஸ்டீம் போட்டு மறைச்சுடலாம். ஸ்டீம் இன்ஜின்தானே?" என்றான் பையன் என்னிடம், குரலைத் தாழ்த்தி. சித்தப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"போடு. புகை போட்டா எல்லாம் ஓடும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இந்த வாக்கியத்தை மனசில் வைத்துக்கொண்டு சில படங்களைத் திரும்பப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள், வேறு மாதிரி தெரிகின்றன.

2007-ல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்'. மைக்கேல் பே டைரக்‌ஷன். ரோபோக்களைச் செய்தவர்கள் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக். ஆப்டிமஸ் பிரைம் என்கிற ஒரு ரோபோவுக்கு மட்டும் 10,108 பாகங்கள் என்று பெருமையாகச் சொன்னார்கள். அசுர உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் லாரி ரோபோவாக மாறுகிற காட்சியில் கதவு எங்கே போனது, டயர் எங்கே ஒளிந்தது என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு பின்தொடர்ந்து பாருங்கள். இரண்டாவது விநாடியில் தொலைத்துவிடுவீர்கள். நூறு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, திரும்பி, மினுமினுத்து, ஆள் எழுந்து நிற்கிறான். கேமரா கோணத்துக்கு ஏற்ப ஒவ்வொரு காட்சிக்கும் அந்த மாற்றத்தைத் தனியாகச் செய்தார்கள். சினிமாவில் ஏமாற்றுவது பாவம் என்று சொல்ல மாட்டேன், அதற்குத்தானே காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறோம். ஆனால் எந்தப் பாகமும் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று ஆனபிறகு, எது எங்கே போனால் எனக்கென்ன? என்னைப் பொறுத்தவரை அந்தப் பத்தாயிரம் பாகங்களும் சேர்ந்து செய்தது சித்தப்பா சொன்ன புகை வேலைதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதைக்கெல்லாம் மூலம் 1984-ல் ஹாஸ்ப்ரோ விற்க ஆரம்பித்த பிளாஸ்டிக் பொம்மை. அதில் இந்தப் பாச்சா பலிக்காது. ஒவ்வொரு கதவும் எங்கேயாவது மடங்கி உட்கார்ந்தாக வேண்டும், அதுவும் எட்டு வயசுப் பையனின் விரலால், உடையாமல். 2018-ல் டிராவிஸ் நைட் எடுத்த 'பம்பிள்பீ'யில் ரோபோக்களின் உருவம் அந்தப் பழைய பொம்மைகளின் பக்கம் திரும்பியது. அதில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. நைட், பொம்மையைக் கையால் அசைத்து ஃப்ரேம் ஃப்ரேமாகப் படம் பிடிக்கிற லைக்கா ஸ்டூடியோவிலிருந்து வந்தவர். அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது இன்னொரு படம். 'லக்ஸோ ஜூனியர்', 1986, ஜான் லாசெட்டர். பிக்ஸார் கம்பெனி ஆரம்பித்த வருடம் எடுத்த இரண்டு நிமிஷத் துண்டு. மேஜை விளக்கு ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னது பந்தோடு விளையாடுகிறது. முகம் கிடையாது, கண் கிடையாது, பேச்சு கிடையாது. அந்த வருட ஆஸ்கர் நாமினேஷனில் இருந்தது. கார்ட்டூன்காரர்களுக்குப் பால பாடம் ஒன்று உண்டு: குதிப்பதற்கு முன்னால் உருவத்தை நசுக்கு, குதிக்கும்போது இழு. மிக்கி மவுஸை நசுக்கலாம். விளக்கின் இரும்புக் கையை எப்படி நசுக்குவது? லாசெட்டர் நசுக்கவே இல்லை. மூட்டுகளை மடக்கினார், பிறகு விரித்தார். மடங்கினால் நசுங்கல், விரிந்தால் இழுவை. 1987-ல் எழுதிய கட்டுரையில் அவரே இதை விளக்கியிருக்கிறார். படம் முழுக்க அந்தக் கையின் நீளம் மாறுவதில்லை. ஸ்பிரிங் நீள்கிறது. ஸ்பிரிங் என்றால் நீளத்தானே வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். குட்டி விளக்கைச் சின்னதாக்கியவர்கள் பல்பைப் பெரிய விளக்கின் அளவிலேயே விட்டுவிட்டார்கள். ஏனென்றால் பல்பு கடையில் வாங்குவது. விளக்கோடு சேர்ந்து வளர்வது அல்ல! பார்க்கிறவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? ஆனால் அது சின்ன விளக்கு அல்ல, குழந்தை விளக்கு என்று நமக்குத் தோன்றுவதற்கு அந்தப் பல்பும் ஒரு காரணம். டல்லஸ் மாநாட்டில் படம் போட்டு முடிந்ததும் ஜிம் ப்ளின் என்கிற கிராஃபிக்ஸ் மேதை லாசெட்டரைத் தேடி வந்தார். நிழல் விழுவதற்கு என்ன கணக்குப் போட்டீர்கள் என்று கேட்கப்போகிறார் என்று இவர் உள்ளுக்குள் நடுங்க, அவர் கேட்டது, பெரிய விளக்கு அம்மாவா அப்பாவா என்று.

'வால்-ஈ' (2008) இதைவிட ஒரு படி மேல். குப்பை அள்ளும் அந்தப் பெட்டி ரோபோவுக்கு முழங்கை கிடையாது. அனிமேட்டர்களுக்கு வைக்க ஆசைதான். முழங்கை இருந்தால் கையைக் கட்டிக்கொள்ளலாம், கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம், நடிப்பு சுலபம். ஆனால் குப்பையை வாரித் தன் வயிற்றில் போட்டு நசுக்குகிற இயந்திரத்துக்கு எவன் முழங்கை வைத்துச் செய்வான்? வைக்கவில்லை. பதிலாக உடம்பின் பக்கவாட்டில் ஒரு தடம் போட்டு, கை அந்தத் தடத்தில் நகர்கிற மாதிரி செய்தார்கள், பிரிண்டருக்குள் இங்க் தலை ஓடுகிற மாதிரி. பயந்தால் கை தடத்தில் கீழே இறங்கிவிடும். கண்ணுக்கு பைனாகுலர், டைரக்டர் ஆண்ட்ரூ ஸ்டான்டன் பேஸ்பால் மேட்ச் பார்க்கப்போன இடத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டு பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து மடக்கி விரித்துக் கண்டுபிடித்தது. இரண்டு குழாயும் சரிந்தால் சோகம், நிமிர்ந்தால் ஆச்சரியம். நம் கண்ணில் தண்ணீர் வரவழைக்க அவருக்கு ஒரு கீல் போதுமாக இருந்தது.

முழங்கை வைத்திருந்தால் வால்-ஈ சுமாராக நடிக்கத் தெரிந்த ஒரு ஆள் ஆகியிருக்கும். இல்லாததால்தான் வால்-ஈ ஆனது.

பையனுக்கு வருகிறேன். சனிக்கிழமை ராத்திரி. புகை போட்டுப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, சத்தியமாக. ஆனால் அவனுக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் தொல்லை. புகைக்குப் பின்னால் ஓட்டையும் பின்னும் தனித்தனியாக இருப்பதை ஒருமுறை பார்த்தவனால் மறக்க முடியவில்லை.

போஸரில் ஒரு டயலைத் திருகினால் இன்னொன்று இத்தனை மடங்கு அசையட்டும் என்று பூட்டு போடலாம். கியர் சக்கரத்துக்குச் சரி; இந்த ராடுக்கு உதவாது, இது நேர்விகிதக் கணக்கு இல்லை. பிற்பாடு வந்த பதிப்புகளில் வளைகோடாகவும் சொல்லித்தரலாம். அவன் கையில் இருந்தது நண்பன் கொடுத்த பழைய பதிப்பு.

சித்தப்பா ஒரு பழைய காம்பஸையும் டிராயிங் ஷீட்டையும் கொண்டுவந்து போட்டார். சக்கரத்துக்கு 1 அங்குல ஆரத்தில் வட்டம். அதில் 24 புள்ளி, ஏனென்றால் விநாடிக்கு 24 ஃப்ரேம், விநாடிக்கு ஒரு சுற்று. (5 அடிச் சக்கரம் என்றால் மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர், ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் வேகம்.) காம்பஸை 6 அங்குலத்துக்கு வைத்துத் திருகை இறுக்கினார். "இதான் ராட். இனிமே இதை நீ மாத்தப்படாது." ஒவ்வொரு புள்ளியிலும் முள்ளை ஊன்றி, க்ராஸ்ஹெட் போகிற நேர்கோட்டை வெட்டினார். வெட்டின இடமே அந்த ஃப்ரேமில் க்ராஸ்ஹெட் நிற்கிற இடம். சூத்திரம் இல்லை, கால்குலேட்டர் இல்லை. மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றேயானதால் 13 அளவுகள் போதும். பையன் ஸ்கேலால் அளந்து ஒவ்வொன்றாக ஏற்றினான்.

விடிகாலை மூன்று மணிக்கு ஓட்டிப் பார்த்தோம். என்ன மாறியது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. க்ராஸ்ஹெட் தன் முன் பாதியைச் சற்று வேகமாகக் கடந்து, சக்கரத்தை நெருங்கும்போது சற்று நிதானித்தது. முன்னே மிதந்துகொண்டிருந்த இன்ஜின் இப்போது தண்டவாளத்தில் எடையோடு உட்கார்ந்திருந்தது. புகையை எடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சித்தப்பா மறுபடி வந்தார். முழுசாகப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு, "அந்தப் பக்கம் காட்டு" என்றார்.

"கேமரா அந்தப் பக்கம் போகவே இல்லையே தாத்தா."

"நான் போறேன். காட்டு."

இன்ஜினைத் திருப்பினான். போஸரில் 'சிமெட்ரி' என்று ஒரு வசதி. இடது கைக்குச் செய்ததை அப்படியே வலது கைக்குக் காப்பி எடுக்கும். மனுஷ உடம்புக்கு மிக சௌகரியம். பையன் இடது பக்க ராடை அப்படித்தான் வலது பக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தான். இந்தப் பக்கம் பின் முன்கோடியில் நின்றால் அந்தப் பக்கமும் அச்சாக முன்கோடியில்.

"ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல நின்னா, எவ்வளவு ஸ்டீம் விட்டாலும் ராட் சக்கர மையத்தைத்தான் தள்ளும், சுத்தாது. அதனாலதான் ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் கால் சுத்து வித்தியாசம் வெச்சிருக்கான். உன் வண்டி இப்படியே ஸ்டேஷன்ல நின்னுதுன்னா நின்னதுதான் தம்பி. எறங்கித் தள்ளணும்."

பையன் என்னைப் பார்த்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அளவுகள் அதேதான்; ஆறு ஃப்ரேம் தள்ளிப் போட்டால் போதும். ஆனால் ரெண்டர் பண்ண மறுபடி ராத்திரி முழுக்க ஆகும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பக்கம் படத்தில் வரவே வராது.

ஆறு ஃப்ரேம் தள்ளினான். ரெண்டருக்குப் போட்டுவிட்டு மூன்று பேரும் காபி சாப்பிடப் போனோம்.